கால்மிதியில் ஒரு பள்ளம்

அருங்காட்சியகத்துக்குப் போகவிருந்த பழைய ஹெலிகாப்டரின் உடம்பு முழுக்கப் பள்ளம் அடைக்கிற பட்டி பூசித் தேய்த்து முடித்த எஸ்தர், கடைசியில் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னாலிருந்த கால்மிதிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். உலோகத்தில் ஒரு பாதம் பதிகிற அளவுக்குப் பள்ளம். மேலே கைப்பிடியிலும் ஐந்து விரல் தேய்ந்த தடம்.

அவள் பிறந்த காலத்திலிருந்தே வண்டிகள் தாமாக ஓடின, தாமாகப் பறந்தன. ஏறி உட்கார்ந்தால் போதும்.

"சார், இதை மட்டும் அடைக்க வேண்டாமே" என்றாள்.

மேற்பார்வையாளர் கோதண்டம் எரிந்து விழுந்தார். "நாளைக்குத் திறப்பு விழா. பழுது தெரிஞ்சா அருங்காட்சியகத்துக்காரங்க என் தோலை உரிச்சிருவாங்க. பூசும்மா!"

"பழுதில்ல சார். ஒரு ஆளு மிதிச்சு மிதிச்சே தேஞ்சது. இதை மனுசந்தான் ஓட்டியிருக்கான்."

"வானத்துலயா? கையாலயா?"

"கையாலயும் காலாலயும்."

"காத்தடிச்சா?"

"இறுக்கிப் பிடிச்சிருப்பான்."

"பிடி நழுவினா?"

எஸ்தர் பட்டி டப்பாவைக் கீழே வைத்தாள். "நீங்களே ஏறிப் பாருங்க" என்று விலகி நின்றாள்.

கோதண்டம் முனகிக்கொண்டே ஏறினார். விரல்கள் தடத்தில் பொருந்தின. பாதம் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எதிரே இருந்தது கொட்டகைச் சுவர்தான். ஆனாலும் அவர் நெற்றியில் வேர்வை பூத்தது.

"அந்தப் பட்டி டப்பாவை மூடு" என்றார் மெதுவாக.

எஞ்சினைக் கழற்றி, மரக்கட்டைமேல் நிறுத்தியிருந்த வெறுங்கூடு அது. சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. அவர் அசையவில்லை.

"இறங்குங்க சார், சாப்பிடப் போகலாம்."

"எப்படிம்மா இறங்குறது?" என்றார் கோதண்டம், பிடியை விடாமல். "நான் விட்டா இது விழுந்துருமே."