ஏழாம் நம்பர்

“வந்துட்டே இருக்கேம்மா. பாதி வழி தாண்டியாச்சு” என்று மனைவியிடம் போனில் சொல்லிவிட்டு, ஆய்வகத்தின் டைரக்டர் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எதிரே மேஜைமேல் இருந்த திரையில் ‘சும்மா’ என்று சிவப்பில் விழுந்தது.

“என்னம்மா இது?”

“வாக்குமானி சார். மைக்கை அணைக்க மறந்துட்டேன்” என்றாள் மொழிக்காரி.

அங்கே மற்ற எல்லாரும் புரதக்காரர்கள். ஒரு புரதத்தின் எழுத்து வரிசையைப் படித்து, இது உடம்பில் வேலை செய்யும், இது சும்மா கிடக்கும் என்று பிரித்துச் சொல்ல ஒரு புரோகிராம் வைத்திருந்தார்கள். அதை மனுஷப் பேச்சுப் பக்கம் திருப்பிவிட்டவள் இவள் ஒருத்திதான். அதனால் மொழிக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொன்ன சொல் நடக்குமென்றால் திரையில் ‘நிஜம்’, நடக்காதென்றால் ‘சும்மா’.

மூன்று மணிக்கு வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது. டைரக்டர்தான் அவர்கள் முன்னால் இதைப் பேசிக் காட்ட வேண்டும். குழு தலையாட்டினால் அவளுடைய திட்டம் பிழைக்கும், கூடவே அவளும் பிழைப்பாள். இரண்டு வருஷமாகத் தற்காலிக வேலையில் தொங்கிக்கொண்டிருப்பவளுக்கு வேறு பிடி கிடையாது.

“எங்கே, இன்னொரு தடவை பாப்போம்.” டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அடுத்த வாரம் கண்டிப்பா முடிச்சுடலாம்.”

சும்மா.

“ஃபைல் மேலிடத்துக்குப் போயிருக்கு.”

சும்மா.

“உங்க விஷயம் என் மனசுலயே இருக்கு.”

சும்மா. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகவே வந்தது.

டைரக்டருக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. “வர்றவங்க முன்னாடி என் மானத்தை வாங்கவா இதை வளர்த்தே? யாரு இதுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?”

அவள் பட்டனைத் தட்டிப் பார்த்தாள். “இந்த மாதிரி வாக்கியத்துக்கெல்லாம் லேபிள் போட்டது ஏழாம் நம்பர் சார்.”

“யாரு ஏழாம் நம்பர்?”

அது அவளுக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்னால், பத்தாயிரம் வாக்கியங்களுக்கு நிஜமா சும்மாவா என்று லேபிள் போட ஆள் பற்றாமல், ஆய்வகமே உட்கார்ந்து போட்டது. மனதில் பட்டதைப் பயமில்லாமல் போடட்டும் என்று பெயருக்குப் பதில் நம்பர். தன் நம்பர் என்ன என்பது போட்டவருக்கே தெரியாது. யாருக்கு எந்த நம்பர் என்ற பட்டியல், ஒட்டிய உறைக்குள் கிளார்க் அக்காவின் அலமாரியில் கிடந்தது.

“ஏழாம் நம்பர் போட்டதை எல்லாம் அழிச்சுடு” என்றார் டைரக்டர்.

“அழிச்சா மார்க் பாதாளத்துக்குப் போயிடும் சார். சோதிச்சுப் பாத்ததுல அந்த ஒரு ஆள் போட்டதுதான் கிட்டத்தட்ட அத்தனையும் சரியா இருக்கு. மூணு மணிக்குக் காட்ட ஒண்ணுமே மிஞ்சாது.”

“பாம்பின் கால் பாம்பறியும்மா. பொய்யே பொழைப்பா இருக்கறவனுக்குத்தான் எல்லாம் பொய்யாத் தெரியும். ஜென்மத்துல ஒரு வார்த்தையைக் காப்பாத்தியிருக்க மாட்டான். அந்த ஆள் என் ஆய்வகத்துல இருக்கக் கூடாது. உறையைக் கொண்டாரச் சொல்லு.”

லேபிள் போட்ட அன்று காலையில்தான் இதே டைரக்டர் இதே அறையில், “அடுத்த மாசம் உன் வேலையை நிரந்தரமாக்கிடலாம்” என்று பதினோராவது தடவையாகச் சொல்லியிருந்தார். அந்த எரிச்சலில் போய் உட்கார்ந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் சும்மா, சும்மா என்று தட்டித் தள்ளியது மொழிக்காரிக்கு நன்றாக நினைவிருந்தது. ஏழாம் நம்பர் வேறு யாராக இருக்க முடியும்?

“ரகசியமா வெச்சுக்கறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம் சார்” என்று இழுத்துப் பார்த்தாள்.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

சும்மா, என்றது திரை. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கிளார்க் அக்கா உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். டைரக்டர் கிழித்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் மனதுக்குள்ளேயே மேஜையைக் காலி செய்யத் தொடங்கிவிட்டாள்.

“ஏழாம் நம்பர் போட்டது அப்படியே இருக்கட்டும்” என்றார் டைரக்டர், குரல் இறங்கிப்போய். “அனுபவத்துல போட்டிருக்காங்க. வர்றவங்க முன்னாடி நீயே பேசிக் காட்டு. நான் பேச வேணாம். அப்புறம் உன் வேலை விஷயம்... அடுத்த மா...”

திரையைப் பார்த்தார். அது காத்துக்கொண்டிருந்தது.

“அந்த நிரந்தர ஆர்டரைக் கொண்டாங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.”

நிஜம், என்று முதல் தடவையாகப் பச்சையில் விழுந்தது. அக்கா ஓடிப்போய் எடுத்துவந்த தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மனைவிக்குப் போன் செய்தபடி வெளியே போனார். “இன்னும் கிளம்பவே இல்லைம்மா” என்று அவர் சொல்வது வாசல்வரை கேட்டது.

மொழிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. “அவரைத் தப்பா நினைச்சுட்டேன்க்கா. ஏழாம் நம்பர் நான்தான்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை திட்டாம, வேலையையும் குடுத்துட்டுப் போறாரே. எவ்வளவு பெரிய மனசு.”

“நீயா? நீ பன்னெண்டு” என்றாள் கிளார்க் அக்கா, காலி உறையை மடித்தபடி. “லேபிள் போட்ட அன்னைக்கு மீட்டிங் போரடிக்குதுன்னு கடைசி வரிசையில உக்காந்து, எல்லாம் நான் பேசற மாதிரியே இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே ஆயிரத்து இருநூறு வாக்கியம் போட்டுத் தள்ளினாரே நம்ம டைரக்டர், அவருக்குத்தான் ஏழு குடுத்திருந்தேன்.”