சாவியை எடுத்த பிறகு

"இன்னிக்கும் வண்டிய ஆஃப் பண்ணினா, அடுத்த டெஸ்ட் அடுத்த மாசம்தான். முன்னாடியே சொல்லிட்டேன்."

பிரேக் இன்ஸ்பெக்டர் இப்படிச் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜாக்சன் தலையை மட்டும் ஆட்டினான்.

டெஸ்ட் மைதானத்தில் வண்டிக்கு வெளியே நின்றிருந்தாள் சில்வியா. டிரைவிங் ஸ்கூல் அவளுடையது. அந்தப் பழைய டீசல் காரும் அவளுடையதுதான். ஜாக்சனுக்கு இது மூன்றாவது டெஸ்ட். முதல் இரண்டிலும் பதற்றத்தில் எதையோ மாற்றிச் செய்தான். வண்டி ஒரு அடிகூட நகராமல் உதறிக்கொண்டு நின்றுபோனது.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கதவு மாட்டுகிறவன் அவன். "இத்தினி காரு செஞ்சு அனுப்புற, ஒண்ணைக்கூட ஓட்டத் தெரியாதா?" என்று லைனில் எல்லோரும் கேலி செய்வார்கள். இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. லைசென்ஸ் இருந்தால், தயாரான கார்களை யார்டில் கொண்டுபோய் நிறுத்தும் வேலை கிடைக்கும். இல்லையென்றால் சேரப்பணஞ்சேரியில் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

சில்வியா ஜன்னலில் குனிந்தாள். "ஜாக்சா, பதறாத. ஒவ்வொண்ணா செய். நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குதா?"

"கீதுக்கா."

"இன்னா ஞாபகம் இருக்குது, சொல்லு?"

"இப்ப கேட்டதும் எல்லாம் மறந்துட்ட மாதிரி கீதுக்கா."

வண்டிக்கு நேர் எதிரே, தகரக் கொட்டகை நிழலில் டெஸ்ட்டுக்காக வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எனக்கு முன்னாடி இவனா? அப்ப நம்ம டெஸ்ட்டு சாப்பாட்டுக்கு அப்புறம்தான்" என்றார் வரிசையில் முதலாவதாக நின்ற ரத்தினம்.

ஜாக்சன் சாவியைத் திருப்பினான். அவசரத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான்.

விசில் அடிப்பது போல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து எஞ்சின் உறுமியது. ஜாக்சன் பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டான். ஆனால் உறுமல் அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போய் அலறலானது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை கொட்டி மைதானத்தையே மூடியது.

"ஆஃப் பண்ணுடா! சாவிய எடு!" என்று சில்வியா கத்தினாள்.

ஜாக்சன் ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டினான். கையில் சாவி இருந்தது.

"எடுத்துட்டேன்க்கா! அப்பவும் ஓடுது!"

"பேய் வண்டிடா டேய்!" என்று யாரோ அலறினார்கள். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து குதித்து ஓடினார். தன் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பது அந்த பிரேக் இன்ஸ்பெக்டருக்கு நினைவே வரவில்லை.

சில்வியாவுக்குப் புரிந்துவிட்டது. மெக்கானிக் போன வாரமே எச்சரித்திருந்தார். "எஞ்சினுக்குக் காத்து ஊதுற டர்போ போவப் போவுது மேடம். போச்சுன்னா எஞ்சின் தன்னோட ஆயிலையே குடிச்சிக்கினு ஓடும். சாவிக்கு அடங்காது. பெரிய கியராப் போட்டு, பிரேக் மேல ஏறி நின்னு, கிளட்ச்ச படக்குனு வுட்டாத்தான் நிக்கும். இல்லன்னா வெடிச்சிடும்."

பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது அவள்தான். இதை எந்த மாணவனுக்கும் சொல்லித்தந்ததில்லை. இப்போது கத்திச் சொல்லலாம் என்றால், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இறங்கு! இறங்கி ஓடிடு!" என்று கைகளை வீசிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினாள்.

ஜாக்சன் இறங்கவில்லை. எதிரே பார்த்தான். வரிசையில் பாதிப் பேர் ஓடாமல் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் மாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். இடது தோள் ஒரு முறை அசைந்தது.

வண்டி தூக்கிப் போட்டது. முன்பக்கம் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்து எழுந்தது. அவ்வளவுதான், எஞ்சின் நின்றது. மைதானத்துக்கு வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹார்ன் அடிப்பது கேட்டது.

சில்வியா புகைக்குள் புகுந்து கதவைத் திறந்தாள். கியர் மூன்றாவதில் நின்றது. ஜாக்சனின் வலது கால் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. மெக்கானிக் சொன்னதை அப்படியே செய்திருக்கிறான்!

கைதட்டலும் விசிலும் பறந்தன. ரத்தினம் அவனை வெளியே இழுத்துத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"கார் கம்பெனிக்காரன்னா சும்மாவா! தம்பி, வீடியோ எடுத்துட்டேன். உன் லைன்ல இருக்கிறவனுக்கு எல்லாம் அனுப்பு. இனிமே எவன் கேலி பண்றான்னு பாக்கலாம்!"

இன்ஸ்பெக்டர் பேன்ட்டைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்தார். ஜாக்சனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓட்டத் தெரிஞ்சவன் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். நிறுத்தத் தெரிஞ்சவனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். நீ பாஸ்!"

ஜாக்சன் கையைக் கூப்பியபடி நின்றான். என்ன அடக்கம் இந்தப் பையனுக்கு என்று சில்வியாவுக்குக் கண் கலங்கியது.

கூட்டம் கலைந்ததும் அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நான் சொல்லியே குடுக்கலியேடா. மூணாவது கியர் போட்டு நிறுத்தணும்னு உனக்கு யாருடா சொன்னது? கம்பெனியிலயா?"

ஜாக்சன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மூணாவதா? நான் ஃபர்ஸ்ட்டு போட்டு, வண்டிய அந்தக் காலி மூலைக்கு ஓட்டிக்கினு போயிடலாம்னுதான்க்கா பார்த்தேன். பயத்துல பிரேக்க மிதிச்சிட்டேன், எப்பவும் போல ஆஃப் ஆயிடுச்சி!"