தனியாகத்தான் நின்றாள்

வேனிலிருந்து இறங்கியதும் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் மனைவியைப் பார்த்தார்.

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் இங்கே வருகிறாள்.

‘யாரும் எட்டிப் பார்க்காத இடங்கள், ஒரே நாளில் ஐந்து’ என்று வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. விளக்கணைந்த கலங்கரை விளக்கம், கூரை போன சுங்க அலுவலகம், மணல் மூடிய படகுத்துறை, துருப்பிடித்த பீரங்கி மேடை என்று காலையிலிருந்து நாலு பார்த்தாயிற்று. நாலு இடத்திலும் அவள் மற்றவர்களைப் போலவே வேடிக்கை பார்த்தாள். அதில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

ஐந்தாவது, இந்தக் காவல் கோபுரம்.

அவர் வருஷம் தவறாமல் வருவார், ஒற்றை ஆளாக. பழைய மாணவன் ஒருவனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவார். எந்த மாணவன் என்று அவள் ஒருநாளும் துருவியதில்லை. சாப்பாடு கட்டி, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இன்று காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவளும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“நானும் வரேன்.”

“எங்கன்னு தெரியுமா?”

“தெரியும்.”

அவர் மிச்சப் பொத்தான்களைப் போட்டு முடித்தார்.

கோபுரத்துக்குள் குறுகலான சுழல்படி. அவளுக்கு முட்டி வலி. “நீ கீழேயே மரத்தடியில உக்காந்துக்கோயேன்” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அன்றைக்கும் இதைத்தான் சொன்னார்; அவளும் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

இன்று அவள் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

மேலே, கடல் பக்கத்தில் இடுப்பளவுக்குக் கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது கிடையாது.

மஞ்சள் தொப்பி போட்ட வழிகாட்டிப் பெண் எல்லாரையும் அரைவட்டமாக நிறுத்தினாள். மகள் இருந்திருந்தால் இவளைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். கணக்குப் போடக்கூடாது என்றுதான் பார்த்தார். பழக்கம் விடவில்லை.

வழிகாட்டி கதையைத் தொடங்கினாள்.

அந்தக் கதை வளர்ந்ததை அவர் கூடவே நின்று பார்த்திருக்கிறார். முதல் சில வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு வழிகாட்டி, பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கால் தவறி விழுந்த இடம், பார்த்து நில்லுங்கள் என்றான். அடுத்து வந்தவன் அதில் ஒரு காதலைச் சேர்த்தான். அன்று அவனை அறைய வாத்தியாருக்குக் கை பரபரத்தது. வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தபோது கோபம் அடங்கிவிட்டது. கதை எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று பட்டது.

இப்போது அது இருநூறு வருஷம் தள்ளிப் போயிருந்தது. யாரோ ஒரு கப்பல் தளபதியின் மகளாம். கடலுக்குப் போன காதலன் திரும்பவே இல்லையாம். நீலப் பட்டு உடுத்திக்கொண்டு இங்கே வந்து நின்றாளாம்.

புதிதாகக் கல்யாணமான ஒருத்தி “பாவம்ல” என்று புருஷன் தோளில் சாய்ந்தாள். அவன் அப்படியே ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

நீலம் மட்டும் சரி. அது பள்ளிச் சீருடை.

பரீட்சை முடிவு வந்த நாள். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேரும் நேராக இங்கே வந்திருந்தார்கள். மதிப்பெண் பட்டியலை மகள் வழியெல்லாம் ஒளித்து வைத்திருந்து, இந்த உச்சியில் வைத்துத்தான் அப்பாவிடம் நீட்டினாள். கணக்கில் போய்விட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுப்பவரின் பெண்.

அதற்குப் பிறகு அவர் எல்லாரிடமும் ஒன்றையேதான் சொன்னார். நான் முதலில் இறங்கிவிட்டேன், அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள், கால் வழுக்கியிருக்க வேண்டும். போலீஸ்காரர் அதை எழுதிக்கொண்டார். சொந்தக்காரர்கள் அதைச் சொல்லி அழுதார்கள். மனைவி கேள்வியே கேட்கவில்லை.

வழிகாட்டி கதையை முடித்தாள். “யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?”

ஒருவருக்கும் கேட்க ஒன்றுமில்லை. இறங்கிப் போய் டீ குடிக்கும் அவசரத்தில் இருந்தார்கள்.

“எனக்கு ஒண்ணு கேக்கணும்மா” என்றாள் மனைவி.

வாத்தியார் அவள் முழங்கையைப் பிடித்தார்.

“அந்தப் பொண்ணு இங்க நின்னப்போ, கூட யாரும் இல்லையா?”

வழிகாட்டி சிரித்தாள். “இல்லம்மா. தனியாத்தான் நின்னா.”

வாத்தியார் பிடியை விட்டார். வருஷா வருஷம் இந்த ஒரு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு போகத்தான் அவர் வந்துகொண்டிருந்தார்.

மனைவி கடல் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து, கீழே மரத்தடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஊர் பேரைத் தப்பாகச் சொன்னவளைத் திருத்துவதுபோல், குரலை உயர்த்தாமல் வழிகாட்டியிடம் சொன்னாள்:

“அவங்கப்பா இருந்தாரும்மா. ‘இனிமே என் மூஞ்சியில முழிக்காத’ன்னு சொல்லிட்டுத்தான் இறங்கினாரு. கீழ உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு.”