மூடி விடாத பிடி

பிரசவ அறைக்கு ஃபிளாஷ் ஆகாது, பிள்ளைக்குக் கண் கூசும் என்று, மங்கிய வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் லென்ஸையே செழியன் கேமராவில் மாட்டினான்.

"இங்கே உனக்கென்னடா வேலை?" என்று லென்ஸ் தன் மூடியை இளக்காரமாகக் கேட்டது.

செழியனின் மனைவிக்குக் குழந்தை பிறந்தது. அழவில்லை. டாக்டர் அதன் முதுகைத் தேய்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் செழியன் கேமராவைத் தூக்கி, மூடியைக் கழற்றப் பார்த்தான். மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"விடுடா, முதல் படம் போயிடும்!" என்று லென்ஸ் கத்தியது.

"பிள்ளை அழட்டும், விடுறேன்," என்றது மூடி.

செழியன் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரு கைகளாலும் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டான்.

பிள்ளை வீறிட்டது. மூடி உடனே பிடியைத் தளர்த்தியது. அதைக் கழற்றத்தான் எந்தக் கையும் வரவில்லை.