கருத்துப் பெட்டி

"நானோத் துகளால பயமே இல்லை. கண்ணுக்கே தெரியாது" என்று பெயின்ட் கம்பெனியின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி விளக்கினார். மிக்சர் பொட்டலத்துக்கு வந்த நாங்கள் நன்றாகவே தலையாட்டினோம். எதிர்வீட்டுச் செங்கமலத்துக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! அவள் புருஷன் அந்தக் கம்பெனியில் நானோப் பவுடர் மூட்டை பிரிக்கிறவன்.

"அப்ப இது எப்பிடி சார் தெரியுது?" அவன் இருமித் துப்பிய கைக்குட்டையை விரித்தாள். வெள்ளியாய் மின்னியது.

"கேள்விய எழுதிப் பெட்டியில போடும்மா."

"எழுதத் தெரியாதுங்க" என்று கைக்குட்டையையே போட்டுவிட்டாள்.

கூட்டம் முடிந்ததும் புரொஜெக்டர், பேனர், மிச்ச மிக்சர் எல்லாம் வேனில் ஏறின. பெட்டி மட்டும் மேடையிலேயே கிடந்தது.

"யாரும் தொடாதீங்க" என்றார் அதிகாரி, நாலடி தள்ளி நின்று. "காலையில கம்பெனி ஆள் வந்து எடுத்துக்குவான்."

காலையில் வெறுங்கையோடு வந்து, இருமிக்கொண்டே பெட்டியைத் தூக்கியவன் செங்கமலத்தின் புருஷன்.