மக்கர் பண்ணும் மெஷின்

“இன்னொரு தடவை இந்தத் தெருவுல உன் பைக்கைப் பார்த்தேன், நடக்கிறதே வேற தம்பி.”

ஜெய்தூன் பீவி சொன்னால் சொன்னதுதான். லேஸ், ஊக்கு, லைனிங் துணி விற்கும் ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறவர். பேகம்பூரில் பாதித் தெரு அவர் குரலுக்கு அடங்கும்.

திட்டு வாங்கியவன் கிளெமென்ட், வேடசந்தூரிலிருந்து வரும் தையல் மெஷின் மெக்கானிக். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “சரிங்கக்கா, இனி வரல” என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஜெய்தூன் பீவியின் கோபத்தில் நியாயம் இருந்தது. எதிர்க்கடை விண்ணரசியின் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுகிறது என்று வாரா வாரம் வருகிறான். வந்தால் லேசில் எழுந்திருப்பதில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, எண்ணெய் விட்டு, விண்ணரசி வாங்கித் தரும் டீயைக் குடித்து, சாவகாசமாக மாட்டுவான். நாலு நாள் ஓடும். மறுபடி மக்கர். ஏமாற்று வேலை இல்லாமல் இது வேறு என்ன?

அதுவும் யாரிடம்? விண்ணரசியிடம்.

கல்யாண ஜாக்கெட் என்றால் திண்டுக்கல் சுற்றுவட்டாரமே அவளைத் தேடித்தான் வரும். கல்யாணத்தில் மட்டும் அவளுக்கு ராசி கிடையாது. பெண் பார்க்க வந்து, கேசரியும் தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போன மூன்று மாப்பிள்ளைகளும் வேறு இடத்தில் கட்டினார்கள். அந்த மூன்று மணப்பெண்களுக்கும் ஜாக்கெட் தைத்தது விண்ணரசிதான். ஒருத்திக்குக்கூடக் கை பிடிக்கவில்லை, முதுகு தூக்கவில்லை. எப்படி மனசு வந்தது என்று ஜெய்தூன் பீவி கேட்டதற்கு, “ஜாக்கெட் என்னக்கா பாவம் பண்ணுச்சு?” என்று சிரித்தாள்.

அப்படிப்பட்டவளை ஒரு மெக்கானிக் பயல் ஏய்ப்பதாவது. அதனால்தான் தெருவே பார்க்க அன்றைக்குத் திருட்டுப்பயல் என்று அந்தத் திட்டு.

ஆனால் அந்த வாரமே மெஷின் மறுபடி தையலை விட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு கல்யாணம். ஜாக்கெட்டை மறுநாள் கொடுத்தாக வேண்டும்.

விண்ணரசி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். “அவரையே கூப்பிட்டுடலாமேக்கா. அவருக்குத்தான் இந்த மெஷினோட குணம் தெரியும்.”

“அவன் குணம் எனக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

ஒட்டன்சத்திரத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பழைய மெக்கானிக் நல்லுசாமியைக் கையோடு கூட்டி வந்தார் ஜெய்தூன் பீவி. நல்லுசாமி பையைக்கூடத் திறக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினார், ஊசியை உருவினார், சரியான பக்கம் திருப்பி மாட்டினார். பெடலை அழுத்தியதும் தையல் சீராக விழுந்தது.

“ஏனுங்கம்மா, இங்க புதுசாத் தைக்கப் பழகற புள்ளைங்க யாராச்சும் இருக்கறாங்களா?”

“இல்லையே. இவ ஒருத்திதான். பத்து வருசமாத் தைக்கிறா.”

“ஊசியைப் பக்கம் மாத்தித் திருப்பி மாட்டியிருக்குதுங்க. பழகாத புள்ளைங்கதான் இப்படி மாட்டும். மெஷின்ல ஒரு குறையும் இல்லீங்க.”

அவர் கிளம்பிப் போனார். விண்ணரசி நிமிரவே இல்லை. ஏற்கெனவே ஊக்கு தைத்த இடத்திலேயே மறுபடி ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, பத்து வருசமாத் தைக்கிறவளுக்கு ஊசி மாட்டத் தெரியாதா?”

விண்ணரசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“மெஷின் ஒழுங்கா ஓடுனா அவரு எதுக்குக்கா வரப்போறாரு?” சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “இனி எப்படியும் வரமாட்டாரு. நாலாவதும் போச்சு.”

ஜெய்தூன் பீவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த ஒரு நல்லதையும் விரட்டிவிட்டது தன் வாய்தானா? உடனே செல்லை எடுத்துக் கிளெமென்டைக் கூப்பிட்டார்.

“தம்பி, உண்மையைச் சொல்லு. விண்ணரசி மெஷினுக்கு என்ன கோளாறு?”

மெதுவாகப் பதில் வந்தது.

“மொதத் தடவை பெல்ட்டு தளர்ந்திருந்துச்சுக்கா. அப்புறம் ஒன்னுமே இல்ல. ஊசிதான் தப்பாத் திரும்பியிருக்கும், நேரா மாட்டிட்டு வருவேன்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அம்புட்டுப் பேச்சு பேசியிருப்பேனா? தெருவே பார்க்கத் திருட்டுப்பயன்னு சொன்னேனேப்பா.”

“சொன்னா அவங்களுக்கு வெக்கமாப் போயிருக்கும்க்கா. நான் திட்டு வாங்குனா ஒரு நாளோட போயிரும்.” இன்னும் மெதுவாகச் சொன்னான். “அதுவுமில்லாம, சொல்லிட்டா அப்புறம் கூப்பிட மாட்டாங்கல்ல.”

ஜெய்தூன் பீவி செல்லைத் தோளில் இடுக்கிக்கொண்டு மெஷின் பக்கம் குனிந்தார். நல்லுசாமி முடுக்கிவிட்டுப் போன ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஊசியை உருவி, பழையபடி தப்பான பக்கம் திருப்பி மாட்டினார்.

“சரி சரி, பேச நேரமில்ல. மெஷின் மறுபடி மக்கர் பண்ணுது. வெரசாக் கிளம்பி வா தம்பி.”