ஒலிபெருக்கிக்காரர் கடலில் இறங்கினார்

காற்று அடித்தால், ஒரு ஆள் நின்றபடி கடலில் ஓட்டும் பாய்ப்பலகை பறக்கும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது திருத்தப்பட வேண்டிய பிழை. காற்று வெறுமனே தள்ளும். தண்ணீரைப் பிளந்துகொண்டு எருமை மாதிரி நகரும் பலகை, ஏதோ ஒரு கணத்தில் தண்ணீரின் மேலே ஏறி வழுக்கத் தொடங்க வேண்டும். அப்படி ஏறாதவரை அது பாய் கட்டிய கதவு.

இந்த நுட்பமான வேறுபாட்டை விகாஞ் என்ற ஊரின் கடற்கரையில் வருஷக்கணக்காக ஒலிபெருக்கியில் முழங்கி வந்தவர் விட்ஸ்கோ. கோடைப் பந்தயத்தின் வர்ணனையாளர். மற்ற நாட்களில் திராட்சை வளர்ப்பவர். பலகைமேல் ஒருமுறைகூட நின்றதில்லை.

"கையால இழுக்காதே! இடுப்புக் கொக்கியில தொங்கு! அய்யோ, விழுந்துட்டான். அடுத்து யாரு? டெசாவா? அது பாய் இல்லை மக்களே, அவங்க அம்மா காயப்போட்ட போர்வை!"

அப்போது டெசாவுக்குப் பன்னிரண்டு வயது. கரை முழுக்கச் சிரித்தது.

பிறகு டெசா வளர்ந்தாள், சாம்பியன் ஆனாள். போன வருஷம் கோப்பையை வாங்கிய கையோடு வர்ணனை மேசைக்கு வந்து கேட்டாள்.

"மாமா, நீங்க ஒரு தடவையாவது பலகையைத் தண்ணி மேல ஏத்தியிருக்கீங்களா?"

மைக் அணைக்கப்படவில்லை என்பது விட்ஸ்கோவுக்குத் தெரியும். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ பிறக்கறதுக்கு முன்னாடியே!"

"அப்ப அடுத்த வருஷப் பந்தயத்தை நீங்கதான் பலகை ஓட்டித் தொடங்கி வைக்கணும்."

"வைக்கிறேன். ஏத்த முடியலேன்னா இந்த மைக் உனக்கு!"

பலத்த கைதட்டல்.

இந்தக் கோடை தொடங்கியதும், மலைக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத ஒரு குடாவில் திருட்டுத்தனமாகப் பழகினார். அறிவுரை அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கடல்தான் அவருடைய வர்ணனையைக் கேட்டதில்லை போலிருக்கிறது. காற்று கனத்ததும், பாயோடு இடுப்பைப் பிணைக்கும் கொக்கியில் தொங்காமல், பயத்தில் கையால் இழுப்பார். பாய் அவரைத் தூக்கித் தனக்கு முன்னால் எறியும். நாளடைவில் நீச்சலில் நல்ல தேர்ச்சி ஏற்பட்டது.

"திராட்சைத் தோட்டத்துல அலை அடிக்குதா என்ன?" என்றாள் மனைவி, அவர் சட்டையை முகர்ந்து பார்த்து.

பந்தய நாள். மதியக் காற்று சொன்னபடி வந்துவிட்டது. மைக் டெசாவிடம். வாடகைக்கு எடுத்த ரப்பர் உடையில் விட்ஸ்கோவின் தொப்பை கணிசமான பங்கு வகித்தது.

"மக்களே, இதோ நம்ம விட்ஸ்கோ மாமா!"

மாமா விழுந்தார். ஏறினார். விழுந்தார்.

கரையிலிருந்து யாரோ ஒருவன் கத்தினான்: "கையால இழுக்காதீங்க மாமா! இடுப்புல தொங்குங்க!"

ஒரே சிரிப்பு. கைபேசிகள் உயர்ந்தன.

மறுபடி விழுந்தபோது பாய் அவரை மூடிக்கொண்டது. அதற்கடியில் நிம்மதியாகத்தான் இருந்தது. அங்கேயே குடியிருந்துவிடலாமா என்று யோசித்தார். மூச்சு ஒத்துழைக்கவில்லை.

இன்னொரு தடவை பாயைத் தூக்கி நிறுத்தினார். காற்று மொத்தமாக வந்து மோதியது. இழுக்கலாமென்றால் கையில் தெம்பில்லை. வேறு வழியின்றிக் கொக்கியில் தொங்கினார்.

பலகை ஏறியது.

தண்ணீரைப் பிளக்கும் சத்தம் நின்றது. காலுக்கடியில் கடல் கண்ணாடி மாதிரி வழுக்கியது. 'அடப்பாவி, இதுவா! இது தெரியாமலா இத்தனை வருஷம் பேசினேன்!'

பெருமையோடு கரையைப் பார்த்தார். வரிசையாக முதுகுகள் தெரிந்தன. ஒரு முகம்கூட இந்தப் பக்கம் இல்லை.

"மலை உச்சியைப் பாருங்க மக்களே!" என்று ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. "அந்தப் பாறைக்கு மேல, ஜோடிக் கழுகு! கண்ணை எடுக்காதீங்க!"

காற்று விழுந்தது. கூடவே அவரும்.

பலகையை இழுத்துக்கொண்டு கரையேறி, நேராக வர்ணனை மேசைக்குப் போனார்.

"பழி வாங்கிட்டியே! சரியா நான் ஏத்தின நேரத்துல எல்லாரையும் திருப்பி விட்டுட்டே. மைக் மேல அவ்வளவு ஆசையா?"

டெசா மைக்கைக் கையால் பொத்தினாள்.

"ஏத்தினீங்களா?"

"பின்னே!"

"நானும் பார்க்கலையே மாமா. மலையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"கழுகையா?"

"கழுகு ஏது? நீங்க விழுந்து எந்திரிக்கிறதை எல்லாரும் போன்ல பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்க கண்ணைத் திருப்ப எனக்கு வேற ஒண்ணும் தோணலை. போர்வைன்னு சொன்னீங்களே, அன்னைக்கப்புறம் ரெண்டு நாள் நான் வீட்டை விட்டு வெளியே வரலை."

விட்ஸ்கோ சொட்டச் சொட்ட நின்றார்.

"நிஜமாவே ஏத்தினேன் டெசா."

"ஏத்தினீங்க மாமா, ஏத்தினீங்க." காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரல். மைக்கை அவர் கையில் வைத்தாள். "நீங்களே பேசுங்க. எனக்குப் பந்தயத்துக்கு நேரமாச்சு."

முதல் சுற்றில், கோர்ச்சுலாத் தீவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு சிறுமி, திருப்பத்து மிதவை அருகே கவிழ்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் கவிழ்ந்தாள். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு, சர்ச் மணிக்கூண்டின் மேல் அபூர்வமான நாரை ஒன்று வந்து உட்கார்ந்திருப்பதாக அறிவித்தது.